பதினேழு முடிவெடுக்கவில்லை

அண்ணனுக்குத் தொழில் குழாய். தங்கைக்குத் தொழில் மரவட்டை. இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதை அவர்களுடைய அம்மா யாரிடமும் வலியப் போய்ச் சொல்வதில்லை.

அண்ணனை அந்த வட்டாரத்தில் 'லீக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வீட்டில் எது ஒழுகினாலும் அவரைத்தான் தேட வேண்டும் என்பதால் வந்த பெயர். ஐம்பதை நெருங்கியவர், கனத்த உடம்பு, குனிந்தால் இரண்டு முழங்காலும் சடசடக்கும். உலகத்தில் உள்ள வேலைகளை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். செய்தால் தண்ணீர் வரும் வேலை ஒன்று, செய்தாலும் வராத வேலை இன்னொன்று. இரண்டாவது வகையில் தங்கையின் வேலைக்கு முதலிடம் கொடுத்திருந்தார்.

தங்கை ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பின்கட்டடத்தில், மாடிப்படிக்கும் கழிவறைக்கும் நடுவே இருந்த அறையில் ஆறு வருடமாக வேலை பார்த்தாள். ஒரு மரவட்டையை அட்டையால் செய்த பாதையில் விடுவாள். பாதை முதலில் வலப்பக்கம் திரும்பும். அங்கே வேறு வழி கிடையாது. பிறகு கொஞ்ச தூரம் நேராகப் போய், கடைசியில் இரண்டாகப் பிரியும். அந்த இடத்தில் மரவட்டை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம், அதன் இஷ்டம். ஆனால் பெரும்பாலும் இடப்பக்கம்தான் போகும். ஒருமுறை வலமாகத் திருப்பிவிட்டால் அடுத்த முறை தானாகவே இடமாகத் திரும்பும். அப்படியென்றால் முதலில் எந்தப் பக்கம் திரும்பினோம் என்பது அதற்கு எப்படியோ ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு தூரம் நடந்தால் அந்த ஞாபகம் போகும்? இதுதான் அவளுடைய கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது அண்ணன் ஆரம்பிப்பார்.

"சரி, அது இடது பக்கம் போகுது. போகட்டும். அதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"தெரியலை அண்ணா."

"ஆறு வருஷமா பாக்குற. இன்னும் தெரியலைங்கிற."

"அது ஞாபகம் வெச்சிருக்கான்னு பாக்குறேன். பிரயோஜனம் இருக்கான்னு பாக்கலை."

இந்த இடத்தில் அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிடுவார். சண்டை போடுகிறவளாக இருந்தால் பதிலுக்குப் பதில் பேசலாம். இவளோ மோருக்குக் கை நீட்டுவாள். அம்மா குறுக்கே புகுந்து பேச்சை மாற்றுவார். பக்கத்து வீடுகளில் அம்மா, "பொண்ணு கால் சம்பந்தமா ஆராய்ச்சி பண்றா" என்று சொல்லி வைத்திருந்தார். அது பொய் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தங்கை வழுக்கி விழுந்தாள்.

அந்த அறையில் ஒரு கை கழுவும் தொட்டி இருந்தது. அதன் அடிக்குழாய் மூன்று மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அண்ணனிடம் அவள் ஏழெட்டுத் தடவை சொல்லியிருந்தாள். "நாளைக்கு வரேன்" என்று அவரும் ஏழெட்டுத் தடவை சொல்லியிருந்தார். ஒரு மழைநாள் காலையில் முப்பத்தொன்றாம் எண் மரவட்டை இருந்த டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு போனவள் அந்த ஈரத்தில் கால் வைத்துவிட்டாள். கையை ஊன்றியிருந்தால் தப்பித்திருக்கலாம். ஊன்றினால் டப்பா விழும். டப்பாவை உயரத் தூக்கிப் பிடித்தபடியே விழுந்தாள். முப்பத்தொன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குக் கணுக்கால் முறிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவளைப் பார்த்துவிட்டு அண்ணி தன் கணவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க மட்டும் அந்த வாஷரை மாத்திக் குடுத்திருந்தீங்கன்னா..."

அண்ணி வாக்கியத்தை முடிக்கவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அண்ணி முடிக்காமல் விட்ட வாக்கியங்கள்தான் அண்ணனை அதிகம் அலைய வைத்திருக்கின்றன.

"சரி, நான் என்ன பண்ணணும்?" என்றார் அண்ணன்.

பண்ண வேண்டியது இருந்தது. மழைக்காலத்தில்தான் மரவட்டைகள் நன்றாக நடக்கும். நாற்பது மரவட்டைகள், பதினைந்து நாள், ஒரு நாள்கூட விடாமல் காலையில் பாதையில் விட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் நின்றால் எல்லாம் வீண். மறுபடி அடுத்த மழைக்குத்தான். தங்கையோடு வேலை பார்த்த ஒரே பெண்ணும் பிரசவ விடுப்பில் இருந்தாள்.

"ரொம்பச் சுலபம் அண்ணா. ஒவ்வொண்ணா விடு. இடது பக்கம் போனா 'இ', வலது பக்கம் போனா 'வ'ன்னு எழுது. ஒண்ணு போனதும் தரையில போட்ட தாளை மாத்திடு, இல்லைன்னா அடுத்தது வாசனை புடிச்சுப் போயிடும். மூணு நாளைக்கு ஒரு தடவை நேர்ப்பாதையை ஒரு சாண் நீட்டு. பத்து நிமிஷம் ஆகியும் எங்கயும் போகலைன்னா 'முடிவெடுக்கவில்லை'ன்னு எழுதி, எடுத்து டப்பாவுல போட்டுடு."

"அவ்வளவுதானே?"

"அது என்ன பண்ணுச்சோ அதை எழுதணும். நீ என்ன ஆசைப்பட்டியோ அதை எழுதக் கூடாது."

"நான் எதுக்குடி ஆசைப்படப் போறேன்," என்றார் அண்ணன்.

முதல் நாள் அவர் கருவிப் பையோடுதான் போனார். பத்து மணிக்கு வேறு வேலை இருந்தது. அறை முழுக்க இலை மக்கிய வாசனை. அலமாரியில் நாற்பது பிளாஸ்டிக் டப்பாக்கள், மூடியில் எண்கள். கீழே தரையில் அட்டைப்பாதை. ஒன்றாம் எண்ணை எடுத்தார். அது சுருண்டு சக்கரமாகிவிட்டது. குழாய் பிடிக்கிற கையால் பிடித்தால் வேறென்ன ஆகும். பாதையில் வைத்து, அது விரிவதற்காகக் காத்திருந்து, அது நடந்து, திரும்பி, யோசித்து, இடப்பக்கம் போனதும் 'இ' என்று எழுதினார். இப்படி முப்பத்தொன்பது பாக்கி.

பதினேழாம் எண்ணில் வண்டி நின்றது. பாதை பிரியும் இடம்வரை ஒழுங்காக வந்த பதினேழு, அங்கே நின்று, இரண்டு கொம்புகளையும் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் ஆயிற்று. நான்கு ஆயிற்று. பாத்ரூம் ஓடு தேர்வு செய்ய வந்து, நீலமா பச்சையா என்று நின்றே கடை மூடும் நேரம் ஆக்கிவிட்ட வாடிக்கையாளர்கள் அண்ணனுக்கு நினைவு வந்தார்கள். ஒன்பதாவது நிமிடம் பதினேழு சாவகாசமாக இடப்பக்கம் போனது. அண்ணன் தன்னையறியாமல் மூச்சு விட்டார். பத்து மணி வேலைக்கு அவர் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை.

இரண்டாம் நாள், போன கையோடு முதல் வேலையாக ஒழுகும் குழாயைச் சரி செய்தார். நாலு நிமிட வேலை. முடித்துவிட்டுச் சற்று நேரம் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றாம் எண் டப்பாவைத் திறந்தார்.

நான்காம் நாள் வீட்டில் பிரச்சினை கிளம்பியது. சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தவரின் விரல்களை அண்ணி பார்த்தார். நுனியெல்லாம் பழுப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்து சிகரெட்டை விட்டவர் அவர்.

"மறுபடி ஆரம்பிச்சாச்சா?"

"ஐயோ, பூச்சிம்மா. பயந்துச்சுன்னா ஒரு மாதிரித் தண்ணி விடும். கறை புடிச்சுக்குது."

அண்ணி கையை இழுத்து முகர்ந்து பார்த்தார். சிகரெட் வாசனை இல்லை. அதைவிட மோசமாக இருந்தது. "புதுசா வேற எதையோ புடிக்கிறீங்க," என்று முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் காலை கையும் களவுமாகப் பிடிப்பதற்காக ஆராய்ச்சி நிலையத்துக்கே வந்துவிட்டார். கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே அவருடைய கணவர் தரையில் குப்புறப் படுத்து, மோவாயைத் தரையில் வைத்து, யாரிடமோ ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"அவசரமே இல்லை. நீ பொறுமையா யோசி. நான் எங்கயும் போகலை."

தன்னிடம் இவர் கடைசியாக இப்படிப் பேசியது எப்போது என்று அண்ணி யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

"ஏங்க, யார்கிட்ட பேசுறீங்க?"

"உஷ். பதினேழு."

அண்ணியும் குனிந்து பார்த்தார். குனிந்தவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு, மாற்றிப் போட்ட தாள்களெல்லாம் சுருங்கியும் கோணலாகவும் கிடப்பது கண்ணில் பட்டது. "ஒரு தாளை ஒழுங்கா விரிக்கத் தெரியுதா உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து காலையில் சமையலை முடித்துவிட்டு இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை, தாள் கோணலாக இருந்தால் நாத்தனார் வருத்தப்படுவாள் என்றுதான் வருவதாக அண்ணி சொல்லிக்கொண்டார்.

எட்டாம் நாள் அண்ணன் தங்கைக்குப் போன் செய்தார்.

"ஒண்ணு கேக்கணும். உன் பாதையில அந்த முதல் திருப்பம் இருக்கே, அது எல்போ."

"என்னது?"

"சட்டுன்னு மூலை மாதிரித் திரும்புது. குழாயில அதுக்கு எல்போன்னு பேரு. அதே திருப்பத்தை நீளமா, மெதுவா வளைச்சும் போடலாம், அது பெண்டு. எல்போவுல தண்ணி முட்டித் திரும்பும். பெண்டுல திரும்புறதே தெரியாம திரும்பும். உன் பூச்சியை எல்போவுல விடாம பெண்டுல விட்டா, தான் திரும்பினதே அதுக்குத் தெரியுமா?"

மறுமுனையில் தங்கை கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அண்ணா, அதை நான் யோசிக்கவே இல்லை."

"என்ன சொன்ன? லைன் சரியா கேக்கலை."

"யோசிக்கவே இல்லைன்னேன்."

"ஹலோ? இன்னும் கொஞ்சம் சத்தமா."

மூன்றாவது தடவை சொல்ல வைத்த பிறகுதான் அவருக்குக் காது கேட்டது. தங்கை ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நாற்பதையும் அட்டைப்பாதையையும் தொடவே கூடாது. வேண்டுமானால் தனியாக ஒரு பாதை செய்து, வேறு மரவட்டைகளை வைத்துப் பார்க்கலாம். அன்று மத்தியானமே அண்ணன் கட்டடத்தின் பின்சுவர் ஓரமாக மழையில் குந்தி உட்கார்ந்து பதினொரு மரவட்டைகளைப் பிடித்தார். பழைய பிவிசி குழாயைச் சூடாக்கி, வளைத்து, நீளவாக்கில் பாதியாக அறுத்து, உள்ளே தாள் ஒட்டி ஒரு பாதை செய்தார். வாழ்க்கையில் அவர் செய்த குழாய் வேலைகளில் தண்ணீருக்குச் சம்பந்தமில்லாதது அது ஒன்றுதான். அதை மட்டும் மூன்று தடவை அறுத்து அறுத்துத் திருத்தினார்.

பன்னிரண்டாம் நாள் காலை, கால்சட்டை முழங்கால்வரை நனைந்த ஒருவர் அறைக்குள் வந்தார். அவர் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் செயலாளர். மேல்தொட்டி வால்வு சிக்கிக்கொண்டு, தொட்டி நிரம்பி, மாடிப்படியில் தண்ணீர் அருவியாக இறங்கிக்கொண்டிருந்தது. லீக்கு போனை எடுக்காததால் அவர் ஆட்டோ பிடித்து ஊரெல்லாம் தேடி வந்திருந்தார்.

"என்னங்க, அங்க வெள்ளம் போகுது. நீங்க இங்க படுத்துட்டிருக்கீங்க."

"ஒரு அஞ்சு நிமிஷம் சார். பதினாறு முடிஞ்சுது. இப்ப பதினேழு."

"எதுங்க பதினேழு?"

அண்ணன் காட்டினார். செயலாளர் பார்த்தார்.

"இது மரவட்டை."

"ஆமா சார்."

"இதை வெச்சு என்னங்க பிரயோஜனம்?"

அண்ணன் வாயைத் திறந்தார். ஆறு வருடமாகத் தான் கேட்ட கேள்விக்கு எந்தக் காலத்திலும் பதில் வரவில்லை என்பதால் அவரிடம் பதில் தயாராக இல்லை. ஆனால் தங்கையின் அறையில், தங்கையின் மரவட்டைக்கு முன்னால், 'தெரியலை' என்று சொல்ல மனம் வரவில்லை. அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"இது... சுகருக்கு சார்."

செயலாளரின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா. எங்க அம்மாவுக்கு சுகர் முந்நூறுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. ரெண்டு குடுங்களேன். வறுத்துச் சாப்பிடணுமா, பச்சையாவேவா?"

அண்ணி கணவரை ஒரு பார்வை பார்த்தார். இந்த முறை பாதி வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை.

"இல்லை சார். சுகருக்கு இல்லை. சும்மா சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க. தயவுசெஞ்சு அம்மாவுக்கு எதையும் குடுத்திடாதீங்க," என்றார் அண்ணன்.

"அப்ப எதுக்குத்தான்?"

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். முழங்கால்கள் சடசடத்தன. "சார், இது முதல்ல வலது பக்கம் திரும்புச்சு. அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு அடுத்து இடது பக்கம் திரும்பும். எவ்வளவு தூரம் ஞாபகம் இருக்கும்னு இந்த உலகத்துல யாருக்கும் சரியா தெரியாது. நானும் எல்லார்கிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன்." எல்லோரிடமும் என்றால் தங்கையிடமும் அண்ணியிடமும். "போன வாரம் மூணு சாண் வெச்சோம், ஞாபகம் இருந்துச்சு. இப்ப நாலு சாண். தடுமாறுது. ஏன் சார், இவ்வளவு குட்டித் தலை. அதுக்குள்ள 'நான் வலது பக்கம் வந்தேன்'னு ஒண்ணு உக்காந்திருக்கு. நாலு சாண் தூக்கிட்டு வருது. உங்களுக்குப் பாக்கணும்னு தோணலையா?"

"தோணலைங்க," என்றார் செயலாளர். சொல்லிவிட்டுப் பாதையைப் பார்த்தார். பதினேழு பிரியும் இடத்துக்கு வந்து நின்றது. கொம்புகளை ஆட்டியது. "ஏன் நிக்குது?"

"அது அப்படித்தான் சார். யோசிக்கும்."

செயலாளர் நனைந்த கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்தார். அவருடைய போன் அடித்தது. அதைச் சத்தமில்லாமல் செய்துவிட்டு, "இடது பக்கம்தான் போகும் பாருங்க," என்றார். "சொல்ல முடியாதுங்க," என்றார் அண்ணி. எட்டாவது நிமிடம் பதினேழு தலையை வலப்பக்கம் நீட்டியது. "அடடே, அங்க இல்லைப்பா," என்று செயலாளர் மெதுவாகக் கெஞ்சினார். பதினேழு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பத்து நிமிடம் முடிந்ததும் அண்ணன் நோட்டில் 'முடிவெடுக்கவில்லை' என்று எழுதி, அதை டப்பாவில் போட்டார்.

"இன்னும் ஒரு ரெண்டு நிமிஷம் குடுத்திருக்கலாம்," என்றார் செயலாளர். நிஜமாகவே மனது கஷ்டப்பட்டது அவருக்கு. "எங்க கமிட்டியில இதைவிட மெதுவான ஆளுங்க இருக்காங்க. நாங்க காத்திருக்கோமே."

மிச்சம் இருபத்து மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். அதற்குள் குடியிருப்பின் தரைத்தளத்தில் செருப்புகள் மிதந்து, சில வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டிருந்தன. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டவர்களிடம் செயலாளர், "முக்கியமான வேலையா இருந்தாரு, கூட்டிட்டு வர முடியலை," என்று மட்டும் சொன்னார்.

பதினைந்தாம் நாள் முடிந்தது. மறுநாள் தங்கையை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊன்றுகோலோடு அவள் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டைக் கேட்டாள்.

அறுநூறு ஓட்டம். ஒன்றுகூட விடுபடவில்லை. எழுத்து மட்டும் கொஞ்சம் கோணல். அதைவிட, ஓரத்தில் எல்லாம் குறிப்புகள் இருந்தன. 'நான்கு - நல்ல பிள்ளை.' 'இருபத்தாறு - என்னைக் கண்டாலே சுருள்கிறது, நான் ஒன்றும் செய்யவில்லை.' 'முப்பத்தொன்று - இவனுக்காகத்தான் கால் போனது, அந்த நன்றி துளியும் இல்லை.' தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு புரட்டினாள். ஒன்பதாம் நாளில் ஒரு வரியின் மேல் கட்டம் போட்டிருந்தது. 'பதினேழு - இ. ஆனால் ஒன்பதே முக்கால் நிமிடத்தில் நான் பென்சிலால் லேசாகத் தள்ளினேன். இதைச் சேர்க்காதே. மன்னிக்கவும்.'

தங்கை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"பாவமா இருந்துச்சு," என்றார்.

"நீ எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

அவள் அந்த வரியை மட்டும் மெல்லிய கோட்டால் அடித்துவிட்டு, விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். முதல் மூன்று சாண்வரை ஏறக்குறைய எல்லாமே இடம். நான்கில் தடுமாற்றம். ஐந்தில் பாதிக்குப் பாதி. அதாவது மறந்தே போய்விட்டது. எண்ணி முடித்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. கால் வலியால் என்று அம்மா நினைத்து மாத்திரை எடுக்கப் போனார்.

"அப்ப என் பெண்டு?" என்றார் அண்ணன். அதை அவர் கேட்காமல் இருக்க எவ்வளவோ முயன்றுதான் பார்த்தார். "பதினொண்ணுல ஆறு வலது, அஞ்சு இடது. மெதுவா வளைச்சா அதுக்குத் திரும்பினதே தெரியலை. கண்டுபுடிச்சாச்சு."

"பதினொண்ணை வெச்சு எதுவும் சொல்ல முடியாது அண்ணா. 'அப்படி இருக்கலாம்'னு வேணா சொல்லலாம்."

"இருக்கலாமா? குழாய் ஒழுகுதான்னு கேட்டா ஒழுகலாம்னா சொல்லுவேன்?"

"நூறு வேணும். ஒரே அளவுல நூறு. வலது பெண்டு அம்பது, இடது பெண்டு அம்பது."

"நூறென்ன, இருநூறு புடிச்சுத் தரேன். உன் கட்டுரையில மட்டும் அந்த 'லாம்'ஐ எடு."

"எடுக்க மாட்டேன்."

இப்படி அரை மணி நேரம் இரண்டு எழுத்துக்காகச் சண்டை நடந்தது. அம்மா மாத்திரையோடு வந்து, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். அண்ணி டீ கொண்டு வந்து வைத்தார். வைத்தவர் போகவில்லை. தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எதையோ யோசித்தபடி நின்றார்.

"ஏன், பாப்பா," என்றார் நாத்தனாரிடம். "அதுக்குப் பின்னாடி நடக்கத் தெரியுமா?"

"எதுக்கு அண்ணி?"

"எனக்கு ஒரே யோசனையா இருக்கு. முட்டுச்சந்துல மாட்டிக்கிச்சுன்னு வெச்சுக்க. திரும்ப இடமில்லை. அவ்வளவு காலையும் ஒண்ணு விடாம பின்னாடி எடுத்து வைக்கணுமே. எந்தக் காலை முதல்ல எடுக்கும்? கடைசிக் காலையா, முதல் காலையா?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தங்கையைப் பார்த்தார்.

"தெரியலை அண்ணி," என்றாள் தங்கை.

"ஒரு பக்கம் அடைச்ச குழாய் ஒண்ணு இருக்கு," என்றார் அண்ணன் எழுந்தபடியே.

டீ ஆறிக்கொண்டிருந்தது. பின்பக்கச் செடித்தொட்டியைப் புரட்டிப் பார்க்க அண்ணி டார்ச்சோடு கிளம்பினார். ஊன்றுகோலைத் தட்டித் தட்டித் தங்கையும் பின்னால் போனாள். அம்மா கையிலிருந்த மாத்திரையைத் தானே போட்டுக்கொண்டார்.